சும்மா வந்து போகிறவள்

2005 கார்த்திகை 7, திங்கள்

விடியத் தொடங்கின தூறல் விடவில்லை. உடுப்பு ஒன்றும் காயவில்லை.

சுவரில் உள்ள படங்களைத் துடைத்தேன். கனடாப் பேத்தி, நீச்சலில் கிண்ணம். லண்டன் பேரன், மருந்தாளர் பரீட்சை முதல் தடவையிலேயே பாஸ். என் மூத்தவன் நேசன், இங்கே ஜேர்மனியில், ஹம்பேர்க் ஸ்டேஷனடியில் சொந்தக் கடை. ஊருக்கு ரெலிபோன் எடுக்கலாம், இன்ரநெற் பார்க்கலாம், வரிசையாகக் கொம்பியூட்டர். திறப்புவிழாவில் அவன் நாடா வெட்டுகிற படம், எல்லாவற்றிலும் பெரிது, நடுவில். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்!

நிலானிக்கு மட்டும் இன்னும் படம் இல்லை. மகள் வதனியின் பெட்டை, நாங்கள் மூவரும் ஒரே வீடு. கொம்பியூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி, அனுபவம் உண்டா. முதல் வேலைக்கு வந்த பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா?

இன்று ஹார்புர்க்கில் ஒரு கொம்பனியில் நேர்முகம். மாமாவின் கடையில் இரண்டு வருடம் வயர் வேலை முழுக்கத் தான் செய்ததாகச் சொன்னாளாம். கடைக்குப் போன் பண்ணிக் கேட்பார்களாம். இனிப் பயமில்லை. நேசன் சொல்லுவான்.

9, புதன்

வேலை இல்லை. 'கடையில் விசாரித்தோம், நீங்கள் அங்கே வேலை செய்யவில்லையாம்' என்று கொம்பனிக்காரி. பிள்ளை சப்பாத்தும் கழற்றாமல் நடையில் இருந்துவிட்டாள்.

உடனே நேசனுக்குப் போன்.

"அம்மா, திடீரெண்டு கேட்டாங்கள். வேலை செய்தவள் எண்டால், பதியாமல் ஏன் வைச்சனீ எண்டு வரிக்கந்தோர்க்காரன் வந்து நிப்பான். அதான், வீட்டுப் பிள்ளை, சும்மா வந்து போறவள் எண்டு சொன்னனான்."

"சும்மாவோ? மேசைக்குக் கீழ தவண்டு வயர் இழுத்தது ஆரடா?"

"மாமாவுக்குச் செய்த உதவிதானேயம்மா."

போனை வைத்துவிட்டேன். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தவளையும் லைன் போச்சு, ஓடிவா என்று கூப்பிட்டவன். அதெல்லாம் சும்மாவாம்!

அவன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் போனேன். கண்ணாடி போட்டுப் பார்த்தால், நாடாவுக்குப் பின்னால், மேசைக்குக் கீழே ஒரு வெள்ளைச் சப்பாத்து. நிலானியின் கால். ஊரெல்லாம் கைதட்ட அவள் கீழே வேலையில் இருந்திருக்கிறாள். இத்தனை நாள் துடைத்த எனக்கும் தெரியவில்லை. திருப்பிவிட்டேன்.

12, சனி

சனிக்கிழமை தவறாமல் கடைக்கு உருளைக்கிழங்கு வைத்து ரோல்ஸ் பொரித்து அனுப்புகிறவள் நான். இன்று அடுப்பே மூட்டவில்லை. பத்து மணிக்குப் போன்.

"அம்மா, சனம் ரோல்ஸ் கேக்குது."

"அது வீட்டு ரோல்ஸ் தம்பி. சும்மா வந்து போறது. வரிக்கந்தோர் கேட்டால் என்ன சொல்லுவாய்?"

வதனி பின்னால் நின்று, "அண்ணையோட சண்டை கொழுவாதேங்கோ அம்மா" என்று முனகல். கொழுவுவேன்.

உருளைக்கிழங்கு முளைக்கிறது. கறி வைக்க வேண்டும்.

15, செவ்வாய்

கடையில் லைன் எல்லாம் செத்துவிட்டதாம். நேசன் அழாக்குறை. போகாதே என்று குறுக்கே நின்றேன். நிலானி கோட்டை மாட்டிக்கொண்டு, "அங்க சனம் ஊருக்குக் கதைக்கக் காத்துக்கொண்டு நிக்குது, அம்மம்மா. மாமாவுக்காகப் போகேல்லை" என்றாள். நானும் ரயிலேறினேன். விடுவேனா?

ஏணி வைத்து முகட்டுப் பலகையைத் திறந்து பார்த்து, மேசைக்குக் கீழே புகுந்து, எலி கடித்த மாதிரி ஒரு வயரைப் பிடுங்கிப் புது வயர் போட்டாள். ஒவ்வொரு கொம்பியூட்டராக உயிர் வந்தது. நேசன் பல்லெல்லாம் தெரிய, "என்ர மருமகள் இல்லாட்டி நான் என்ன செய்யிறது!" என்று வந்தவர்களுக்குச் சொல்கிறான்.

அவள் தன்னிடம் இருந்த கடைக் கதவுத் திறப்பைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். "இனி ஒரு அனுபவமும் இல்லாத பிள்ளையைக் கூப்பிடாதேங்கோ, மாமா."

ரெலிபோன் பெட்டிக்குள் நின்ற மனுசன்கூட எட்டிப் பார்த்தது. நேசன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் இரங்கிவிடுவேன்.

18, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். முழங்கால் வலி.

ஹார்புர்க்கிலிருந்து நிலானிக்குப் போன். நேசன் தானே கூப்பிட்டு, தன் கடை வேலை முழுக்க அவள்தான், பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றானாம். திங்கள் முதல் ஒரு கிழமை வேலை செய்து காட்டட்டும், பிறகு முடிவு சொல்கிறோம் என்கிறார்கள். பிள்ளை குசினிக்குள் வந்து என்னைச் சுற்றிச் சுற்றி ஆடிற்று. செய்து காட்டுவாள்.

பின்னேரம் நேசன் போனில்.

"சொல்லிப்போட்டன் அம்மா. வரிக்கந்தோர் வந்தால் வரட்டும். என்ர படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினனீங்களாம், வதனி சொன்னவள்; இப்ப நேராக்கிவிட்டியளோ?"

"இல்லை."

"இன்னும் கோவமோ? நாளைக்கு வாறன்."

"வராதை. அந்தப் படம் இனிச் சுவருக்கு வேண்டாம். கடையில புதுசா ஒண்டு எடு. அவள் நடுவில நிக்கவேணும், முகம் தெரிய. நீ வேணுமெண்டால் மேசைக்குக் கீழ இரு. எடுத்துத் தபாலில போடு. கிடைச்ச பிறகு ரோல்ஸ் வரும்."