படத்தில் போட்ட வட்டம்

12-8-86, செவ்வாய், இரவு

அம்மா படுத்துவிட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

அம்மாவின் வயிற்றுவலிக்கு, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இன்று ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. ஆனால் சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி இருக்கிறதாம். அம்மாவுக்கு மராத்தி வராது என்று டாக்டர் எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார். அது ஒன்றும் செய்யாத கட்டியாகவும் இருக்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் ஏறுவது, முகம் உப்புவது எல்லாம் அதனாலேயாகவும் இருக்கலாம். ரத்தமும் சிறுநீரும் சோதித்தால்தான் தெரியும், தேவைப்பட்டால் ஆபரேஷன், நாளைக்கு அப்பாவைக் கூட்டிவா என்றார்.

"என்னடி சொல்றாரு?" என்றாள் அம்மா.

"கல்லு இல்லியாம்மா. சர்க்கரையக் குறைக்கணுமாம்."

கொஞ்ச நாளாக அம்மாவின் முகம் உருண்டுகொண்டே வந்தது. பூரி மாதிரி இருக்கே என்று கேலி செய்தவள் நான்.

அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆகுர்டி ஃபேக்டரியில் இரண்டாவது ஷிஃப்ட், இன்னும் வரவில்லை.

படுக்கும்போது அம்மா என் கையை இழுத்துத் தன் விலாவில் வைத்தாள்.

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமாடி? படத்துல பென்சிலால வட்டம் போட்டாரே, நானும் பார்த்தேன்."

"வலது பக்கம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சரி. அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் சொல்லு."

கீழே ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்கிறது. சோறு மூடியபடி இருக்கிறது. அப்பா இன்றைக்கு மெதுவாகவே சாப்பிடட்டும்.