போக வர ஒரே டிக்கட்

என்னங்க,

நீங்கள் இருந்தபோதும் இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது வேறு எப்படிக் கூப்பிடுவது? வருகிற ஆவணியில் உங்களுக்கு வருடத் திதி. அதற்கு முன்னால் ஒரு சேதி சொல்ல வேண்டும். நல்ல சேதிதான், பதறாமல் கேளுங்கள்.

தம்பி வருகிறான். நம் மாணிக்கம் லண்டனிலிருந்து கப்பலேறி வருகிறான். போன வாரம் அவன் கையெழுத்தில் நீலக் காகிதம் வந்தது. எனக்காகவே எழுத்தைக் குண்டு குண்டாக எழுதியிருந்தான். மூன்றாம் வகுப்புப் படித்தவள் அடுத்தவரிடம் கொடுக்காமல் நானே கூட்டிப் படித்தேன். படித்து முடித்ததும் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

அந்தக் கல்லை வைத்தது நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவன் புறப்பட்ட அன்றைக்குக் கீரனூர் ஸ்டேஷனில் உங்களுக்கு டூட்டி. நீங்கள்தான் வாசலில் நின்று டிக்கட் பார்த்தீர்கள், நீங்கள்தான் மணி அடித்தீர்கள். வண்டி நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "போறேன்ப்பா" என்றான். அவ்வளவுதான். நம் வீட்டில் கிணற்றடிக்குப் போகிறவர்கள்கூட 'போயிட்டு வாரேன்' என்று சொல்லித்தானே போவோம். அன்று வீட்டுக்கு வந்து நீங்கள் சாப்பிடவில்லை.

அப்புறம் அவன் கடிதங்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரயிலேறி ஊர் பார்க்கப் போகிறேன், இந்த வாரம் கடற்கரை ஊர், போன வாரம் பெரிய மாதாகோவில் இருக்கிற ஊர் என்று எழுதுவான். நீங்கள் அதைப் பெருமையாகத்தான் எதிர்வீட்டு அஞ்சலையிடம் சொன்னீர்கள். அவள் வாய் சும்மா இருக்குமா?

"என்னக்கா, படிக்கப் போன புள்ள வாரத்துக்கு ஒரு ஊரு பாக்குதாமே. நல்லதா ஒரு ஊரப் பாத்து அங்கிட்டே ஒக்காந்துக்கிருச்சுன்னா?"

அவள் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உங்களுக்கு முகம் செத்துவிட்டது.

"கேட்டியா புள்ள. நான் அன்னைக்கே சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"போறேன்னான். வாரேன்னு ஒரு வார்த்தை அவன் வாயிலேருந்து வரல."

"சின்னப் பய, மறந்திருப்பான்."

"வார்த்தை மறக்காது. மனசுல இருந்தாத்தான் வாயில வரும்."

அதற்குமேல் உங்களிடம் யார் பேசுவது? நீங்கள் போன பிறகு அந்தப் பேச்சு என்னிடம் வந்து குடியேறிவிட்டது. பொறுக்க முடியாமல் இந்தச் சித்திரையில் எழுதிவிட்டேன். "தம்பி, நீ வருவியா மாட்டியா? சுத்தி வளைக்காம எழுது. அன்னைக்கி ஏன் வாரேன்னு சொல்லல?"

அதற்குத்தான் இப்போது பதில் வந்திருக்கிறது.

அந்த ஊர் சுற்றல் என்னவென்று முதலில் கேளுங்கள். அங்கே ஒரு ஊருக்குப் போக மட்டும் வாங்குகிற டிக்கட்டும், போய்த் திரும்புகிற டிக்கட்டும் ஏறக்குறைய ஒரே விலையாம். ஒரே ஒரு கண்டிஷன். அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாவது அதுதானாம். ஐந்து பேர் சேர்ந்து எலுமிச்சம்பழச் சாதம் கிளறி டப்பாவில் அடைத்துக்கொண்டு காலை வண்டியில் போவார்களாம். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஏறாமல் நடை. காசு கேட்கிற இடத்துக்குள் நுழைவதில்லை. கோவில், கடல், ஆற்றங்கரை இதெல்லாம் சும்மாதானே. சாயங்கால வண்டியைப் பிடித்தால் சாப்பாட்டுக்கு ரூமில் இருப்பார்களாம்.

அட்டை டிக்கட்டைப் பாதியாக்கி, போன பாதியை அந்த ஊர் ஸ்டேஷன் வாசலில் வாங்கிக்கொள்வார்களாம். வருகிற பாதியைத் தொலைத்தால் தீர்ந்தது. பினாங்கிலிருந்து வந்த ஒரு பிள்ளை, நான் அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் இருந்த பையிலேயே அதைப் போட்டுவிட்டதாம். வாசலில் நின்றவர் வாங்கி முகர்ந்து பார்த்து, "இதைத் தின்பதா, கிழிப்பதா?" என்றாராம். உங்களைப் போல அங்கேயும் ஒருவர் நிற்கிறார் பாருங்கள். நீங்களாக இருந்தால் அந்தப் பிள்ளையை நாலு வார்த்தை கேட்டிருப்பீர்கள்.

வாரா வாரம் போனான் என்று மறுகினோமே, வாரா வாரம் திரும்பினானே. அது ஏன் நமக்குத் தோன்றவில்லை?

இன்னொன்றும் எழுதியிருக்கிறான். படிக்க அனுப்பிய சர்க்கார் கொடுத்த கப்பல் டிக்கட்டும் போக வரச் சேர்த்தே கொடுத்ததுதானாம். படிப்பு முடிந்ததும் திரும்பியாக வேண்டும் என்று கட்டுப்பாடாம். "அப்பாவுக்குத் தெரியும்னு நெனச்சேன் ஆத்தா, அவரு கேக்கவே இல்ல" என்கிறான். வருகிற போகிற ஜனத்திடமெல்லாம் கையை நீட்டி டிக்கட் கேட்ட மனுஷர் நீங்கள். பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அந்த வார்த்தைக்கும் பதில் இருக்கிறது. "அப்பா மணி அடிச்சுக்கிட்டே என்னைப் பாத்தாரு. போறேன்னு சொல்றதுக்குத்தான் தொண்டையில சத்தம் இருந்துச்சு. இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தா எறங்கி ஓடி வந்திருப்பேன்."

இதைத் தவிர அந்த ஒரு வார்த்தையில் ஒன்றுமே இல்லைங்க.

நீங்கள் போய்விட்டீர்கள் என்ற தந்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் அவன் கடற்கரைக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் ரூமுக்குத் திரும்பியிருக்கிறான். அதிலிருந்து ரயிலே ஏறவில்லையாம். "அப்பா கெடக்கையில நான் கடலப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்" என்று எழுதியிருந்தான். உடனே பதில் போட்டேன். நீ ரூமிலேயே உட்கார்ந்திருந்தாலும் அதே தந்திதான் வந்திருக்கும், கப்பல் ஏறுமுன் பார்க்காத ஊர் இருந்தால் பார்த்துவிட்டு வா என்று. நான் எழுதியது சரிதானே?

நீங்கள் கடைசியாகப் படியிறங்கிய காலையும் ஞாபகம் வருகிறது. ஸ்டேஷன் விளக்குகளுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினீர்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேன் புள்ள" என்றீர்கள். ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னீர்கள். மத்தியானம் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சொன்னவர் நீங்கள் வரவில்லை. சொல்லாதவன் வருகிறான். இனிமேல் நான் யார் வாயையும் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். தம்பி வருகிறான் என்று அஞ்சலையிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப நான் சொன்னது பலிக்கலையா?" என்றாள். முறுக்குச் சுடக் கூடமாட வருகிறேன் என்றும் அவளே சொன்னாள்.

கருமாதிக்கு உங்கள் தம்பி மகன்தான் கொள்ளிக்காரனாக நின்றான். திதிக்கு உங்கள் பிள்ளை உட்காருவான். அதற்கு முன்னால், அவன் திருச்சியில் வந்து இறங்குகிற அன்றைக்கு, நான் கீரனூரில் வண்டியேறிப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே திரும்புவேன். நீங்கள் இருந்தவரை உங்கள் ரயில்வே பாஸில் ஏறியவள், முதல் தடவையாக என் கையால் டிக்கட் வாங்கப் போகிறேன், போக வரச் சேர்த்து. நீங்கள் நின்ற வாசலில் ஒரு நிமிஷம் நிற்பேன். இது சத்தியம்.

போயிட்டு வாரேங்க.

இப்படிக்கு,
பெயர் சொல்லாமலே உங்களோடு வாழ்ந்த,
மாணிக்கத்தின் ஆத்தா