டாக்டரம்மா காருக்கு மஞ்சள் விளக்கு

நவம்பர் 4, செவ்வாய்

இன்றைக்குச் சித்தப்பாவின் வண்டி ஒயரிங் கடைக்கு ஒரு கிழட்டுக் கார் வந்தது. கிழடு என்றால் சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. 'வின்டேஜ்' என்று சொல்ல வேண்டுமாம். அப்படியானால் நீங்களும் வின்டேஜ்தான் சித்தப்பா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. என் வாய் வரைக்கும் வருவதெல்லாம் அங்கேயே யு டர்ன் அடித்து இந்த நோட்டுக்கு வந்துவிடும்.

கரும்பச்சைக் கார். உருண்டைக் கண், உப்பின கன்னம். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற தவளை மாதிரி இருக்கிறது. ஓட்டி வந்தது மாட்டு டாக்டரம்மா. குட்டையாக வெட்டின நரைத்தலை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மலைமேல் இருக்கிற பண்ணைகளுக்கு விடியற்காலையில் போக வேண்டியிருக்கிறதாம். பனி கொட்டும்போது பார்த்துத்தான் மாடுகள் கன்று போடுகின்றனவாம். ஒரு சாக்கைப் பிரித்து இரண்டு பெரிய மஞ்சள் கண்ணாடி விளக்குகளை எடுத்து வைத்தார். காரின் வயசுதான் அதற்கும்.

"இந்த ஃபாக் லைட்டைத்தான் மாட்டணும். புதுசா வர்ற வெள்ளை லைட்டெல்லாம் பனியில சுவர் மாதிரி நிக்கும். பம்பர்ல ஓட்டை போட்டா உன் கையில ஊசி போட்டுருவேன். மாட்டு ஊசி."

இதைச் சொன்னது ஹாரனிடம். ஹாரன் என்றால் சித்தப்பா மகன். நேரில் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். கூப்பிடுகிறேன் என்பதே கொஞ்சம் மிகை. யாரும் அமுக்காமலே நாள் முழுக்க அடிப்பதால் இந்த நோட்டில் அவன் ஹாரன். அவன் எனக்கு வைத்த பெயர் சைலன்சர். வீட்டிலேயே பாதி வண்டிக்குச் சாமான் இருக்கிறது.

டாக்டரம்மா என்னிடம் என்ன பேர் என்று கேட்டார். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தேன்.

"அது பேசாது டாக்டர்," என்றது ஹாரன்.

"பேசாதா, பேச விடமாட்டியா?"

தீவனம் எடுக்காத மாட்டைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். வண்டி அடுத்த வாரம் வேண்டுமாம்.

நவம்பர் 5, புதன்

படிக்க வேண்டிய பெண் கடையில் என்ன செய்கிறாள் என்று பேட்டரி கொண்டுவந்த ஆள் கேட்டார். "படிப்பு ஏறல," என்றார் சித்தப்பா. பொய். படிப்பு ஏறியது, சத்தம்தான் ஏறவில்லை. டீச்சர் பெயர் கூப்பிடும்போது நான் 'உள்ளேன்' என்று சொல்வது எனக்கே கேட்காது. டீச்சருக்கு எப்படிக் கேட்கும்? ஆப்சென்ட் போட்டார். முதல் பெஞ்சில் அவர் மூக்குக்கு நேரே உட்கார்ந்துகொண்டு வருஷம் முழுக்க ஆப்சென்ட் ஆனேன். வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்று சொன்னபோதும், நான் வந்தேனே என்று சொல்ல வரவில்லை. உலகத்திலேயே ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய் அதற்காக வெளியேற்றப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

கடை பரவாயில்லை. ஒயர்கள் பெயர் கூப்பிடுவதில்லை.

நவம்பர் 6, வியாழன்

இந்தக் காரில் எல்லாம் தலைகீழ். எல்லா வண்டியிலும் பேட்டரியின் மைனஸ்தான் பாடியில் மாட்டியிருக்கும். இதில் பிளஸ் மாட்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம், கடையில் கிடக்கிற பழைய ரிப்பேர் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஹாரன் பேனட்டைத் திறந்து பார்த்து, "எவனோ முட்டாப் பய மாத்தி மாட்டியிருக்கான்," என்று ஸ்பேனரை எடுத்தான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் பாஷையில் அது ஒரு முழு வாக்கியம்.

"என்னடி?"

தலையாட்டினேன். இந்தக் காலத்து வண்டிகளில் இல்லாத பழைய டைனமோவைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தான். பிறகு சித்தப்பாவிடம் போய், "அப்பா, இது பிளஸ் எர்த் வண்டி, பார்த்த உடனே கண்டுபிடிச்சிட்டேன்," என்றான்.

கண்டுபிடித்தவர் வாழ்க.

நவம்பர் 8, சனி

மழை. கூரை ஒழுகுகிறது. ஏன் ஒழுகுகிறது என்று ஹாரன் மத்தியானம் வரை விளக்கினான். பக்கெட்டை நான் வைத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பம்பரில் ஓட்டை போடாமல் விளக்கு நிற்க வேண்டும். பம்பரைப் பிடித்திருக்கிற போல்ட்டிலேயே ஒரு பட்டையைச் சேர்த்து முடுக்கி, அதன்மேல் நிறுத்தினேன். எர்த் ஒயரைப் பாடியில் மாட்ட ஓர் இடம் தேடினால், டாக்டரம்மா இந்தத் தவளைக்கு அடிவயிறு வரை பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். பெயின்ட்டுக்குள் கரண்ட் எப்படிப் போகும்? யாருக்கும் தெரியாத இடத்தில் காலணா அகலம் சுரண்டினேன். பேனட்டுக்குள், சுவிட்சைப் போட்டதும் விளக்குக்குக் கரண்ட் விடுகிற ஒரு ரிலே, ஒரு கண்ணாடி ஃபியூஸ். ஒயர்களைத் துணி நாடா சுற்றிப் பழைய ஒயர் மாதிரியே ஆக்கிவிட்டேன். அழகாக இருந்தது. நானே இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "ரொம்ப நுணுக்கமான வேலை டாக்டர், கண்ணே போச்சு," என்றது ஹாரன். யார் கண்?

நவம்பர் 13, வியாழன்

மனசு சரியில்லை.

சித்தப்பா கடையில் ஒரு வழக்கம். லைட் வேலை முடிந்ததும் ஹாரன் ஆக்சிலேட்டரை ஏறி மிதிப்பான். சித்தப்பா சுவிட்சைப் போடுவார். எதிர்ச்சுவர் பளீரென்று ஆகும். கஸ்டமர் முகமும் அதேபோல் ஆகும். எரிந்தால் வேலை முடிந்தது. இவ்வளவுதான் சோதனை.

இன்றைக்கும் எரிந்தது. சுவரில் மஞ்சள் வெள்ளம். நான் டேஷ்போர்டுக்குக் கீழே விட்டிருந்த தலையை வெளியே எடுத்தேன். ஹாரன் காலை எடுத்தான். அப்போது பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டுகிற மீட்டரின் ஊசி இடப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. சுவரில் இருந்த மஞ்சளும் டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது.

பழைய டைனமோ. இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் கரண்ட் தரும். ஹெட்லைட், வைப்பர், இந்த இரண்டு பெரிய விளக்கு எல்லாம் போட்டுக்கொண்டு ஊர்ந்து போனால் பேட்டரியிலிருந்துதான் எடுக்கும். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? பிறகு எல்லா விளக்கும் சேர்ந்து அணையும். பனியில் யார் வேகமாகப் போவார்கள்? ஊர்ந்துதான் போவார்கள். ஆக, பனியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அருமையாக எரிகிற பனி விளக்கை நாங்கள் மாட்டியிருக்கிறோம்.

"அண்ணா, ஊசி," என்றேன்.

"எந்த ஊசி?"

காட்டினேன்.

"அது வயசான மீட்டர்டி. அப்படித்தான் தள்ளாடும்."

சித்தப்பா கையைப் பிடித்தேன்.

"பாப்பா, லைட் எரியுதா இல்லையா?"

தலையாட்டினேன்.

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா? மலைப்பாதை. ஒரு பக்கம் பள்ளம்.

நவம்பர் 14, வெள்ளி

சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். காலையிலிருந்து வேலை மேஜையில் திருகி வைத்திருக்கிற இரும்பு இடுக்கியிடம் சொல்லிப் பார்த்தேன். 'டாக்டர், மெதுவாகப் போனால் சார்ஜ் ஆகாது.' இடுக்கி நன்றாகக் கேட்டுக்கொண்டது.

டாக்டரம்மா வந்தார். ஹாரன் மிதித்தது, சித்தப்பா போட்டார், சுவர் எரிந்தது. "பரவாயில்லையே!" என்றார் டாக்டரம்மா. நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்தார். சாவியை நீட்டினேன். தேங்க்ஸ் என்றார்.

நாளைக்கு விடியற்காலை மலைக்குப் போகிறாராம். ஒரு பசு கன்று போட நாள் தள்ளிப்போய் நிற்கிறதாம்.

ஹாரன் அவரிடம் தன் கண் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, துடைப்பது மாதிரி பேனட்டைத் திறந்து அந்தக் கண்ணாடி ஃபியூஸை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். இனி சுவிட்சைப் போட்டாலும் மஞ்சள் விளக்கு எரியாது. இத்தனை வருஷம் எப்படிப் போனாரோ அப்படிப் போய்விட்டு வருவார். வந்து திட்டுவார். திட்டட்டும்.

வார்த்தைக்குப் பதிலாக ஃபியூஸ். ஆஹா, என்ன வீரம்!

நவம்பர் 15, சனி

விடியும்போதே எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலையே இல்லை. பால் மாதிரி பனி.

ஐயோ, நான் ஏன் இப்படிப் பண்ணினேன்? லைட் இருக்குன்னு நம்பித்தானே அவங்க கிளம்பியிருப்பாங்க? இல்லைன்னு தெரிஞ்சிருந்தா போகாமக்கூட இருந்திருப்பாங்க. பாதி வழியில சுவிட்சைப் போட்டு, ஒண்ணும் எரியலைன்னா? — இதை நேத்து யோசிக்கலையே. அணைஞ்சு போற லைட்டுக்கும் எரியவே எரியாத லைட்டுக்கும் பள்ளத்துக்கு என்ன வித்தியாசம்?

ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம்டி.

நவம்பர் 16, ஞாயிறு

கடை லீவு. சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் பூச்சி என்று அம்மா பூச்சி மருந்து கொடுத்தாள். குடித்தேன். இல்லை என்று சொல்வதற்கு மருந்தே மேல்.

நவம்பர் 17, திங்கள்

வந்துவிட்டார். முழுசாக வந்துவிட்டார். காரைக் கடை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார்.

"யாருடா அந்த நுணுக்கமான வேலை பார்த்தவன்?"

கண்ணே போன ஹாரன் கீழே குனிந்து ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான்.

பாதி மலையில் சுவிட்சைப் போட்டாராம், எரியவில்லையாம். பண்ணைக்குப் பால் எடுக்க வந்த ஆளை டார்ச்சோடு முன்னால் நடக்கவிட்டு, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாராம். போய்ச் சேருவதற்குள் பண்ணைக்காரனே பயந்துபோய்க் கன்றைக் கயிறு கட்டி இழுத்துவிட்டான். கன்றுக்கு முன்கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்.

"பிறந்த அன்னைக்கே அதுக்குக் கட்டு!"

"நீங்க உள்ள ஏதாவது தொட்டிருப்பீங்க டாக்டர்," என்றது ஹாரன்.

"நான் பேனட்டையே திறக்கல."

சித்தப்பா திறந்தார். "ஃபியூஸைக் காணோமே. ரோட்டுல குலுங்கி விழுந்திருக்கும். பழைய வண்டி பாருங்க..."

வண்டி மேல் பழி. அடுத்தது ரோட்டின் மேல் வரும். அதற்கப்புறம் பால்காரன் மேல். நான் பையிலிருந்து எடுத்து பேனட் மேல் வைத்தேன். கண்ணாடி டக்கென்று தட்டின சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"நான்தான் எடுத்தேன்."

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"ஏன்?" என்றார் டாக்டரம்மா.

"மெதுவா போனா டைனமோ கரண்ட் தராது டாக்டர். எல்லா லைட்டும் பேட்டரியைக் குடிக்கும். பாதி மலையில மொத்தமா அணைஞ்சிரும். அதான்... போட முடியாதபடி பண்ணினேன்."

"இதை வெள்ளிக்கிழமை சொல்றதுக்கு என்ன?"

"வரல."

"என்ன வரல?"

"வாய்."

டாக்டரம்மா என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து எல்லா லைட்டையும் போடச் சொன்னார். ஊசி படுத்தது. "ம்," என்றார். பிறகு அவரே கையை நீட்டி ஹெட்லைட்டை அணைத்தார்.

"பனியில எவடி ஹெட்லைட் போடுவா? கண்ணுதான் கூசும். மஞ்ச லைட் மட்டும்தான் போடுவேன். இப்ப லேசா மிதி."

மிதித்தேன், இரண்டாவது கியரில் போகிற அளவுக்கு. ஊசி எழுந்து நடுவுக்கு வந்து நின்றது.

நின்றுவிட்டது. அப்படியானால் அன்றைக்கு ஃபியூஸ் இருந்திருந்தால் அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பார். கன்றுக்கும் கால் ஒழுங்காக இருந்திருக்கும். நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை என்பது ஒன்று. எதையும் கேட்கவும் இல்லை. இத்தனை நாள் இந்த நோட்டில் எல்லோரையும் முட்டாளாக்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது. முன்வரிசை.

"இவளை இன்னையோட வீட்டுக்கு அனுப்பிடறேன் டாக்டர். கடை மானமே போச்சு," என்றார் சித்தப்பா.

வீட்டுக்கு அனுப்பினால்? பள்ளிக்கூடமும் இல்லை, கடையும் இல்லை. அப்புறம் எங்கே?

டாக்டரம்மா ஃபியூஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மறந்துபோய் ரெண்டையும் சேர்த்துப் போட்டாலும் அணையக்கூடாது. அப்படி ஏதாவது பண்ண முடியுமா?"

"முடியும்."

"அப்ப இவதான் பண்ணணும். நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காருவேன். எந்த ஒயர் எதுக்குன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே பண்ணணும். சத்தமா. எனக்குக் காது மந்தம்."

சித்தப்பா ஸ்டூலை எடுத்துப் போட்டார். வேறு வழி? கார் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

அம்மா திட்டினாள். பூச்சி மருந்து வீணாய்ப் போனதற்கும் சேர்த்து.

நவம்பர் 20, வியாழன்

நான்கு காலுக்குப் பதில் ஐந்து கால் ரிலே. மஞ்சள் விளக்கைப் போட்டால் ஹெட்லைட் தானாகவே அணையும். அணைத்தால் திரும்ப வரும். இதைச் சொல்வதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

"கேக்கல," என்பார் டாக்டரம்மா. மறுபடி சொல்வேன். "இன்னும் கேக்கல." கத்துவேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மத்தியானம் கடைக்கு வெளியே ரோட்டோரம் நின்று ஹாரன் யாரிடமோ போனில் குசுகுசுவென்று பேசினான். அது டாக்டரம்மாவுக்கு நன்றாகக் கேட்டது. "என்னது, நான் கிழவியா?" என்று ஸ்டூலிலிருந்தே கேட்டார். காது மந்தமாம்!

சித்தப்பா ஆக்சிலேட்டரை மிதிக்க ஹாரனைக் கூப்பிட்டார். "மிதிக்காம பாருங்க சித்தப்பா," என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். மிதிக்காமல்தான் பார்த்தார்.

கன்று நடக்கிறதா என்று கேட்டேன். நொண்டுகிறதாம். வந்து பார் என்றார்.

நவம்பர் 22, சனி

மலைக்குப் போனோம். டாக்டரம்மா, நான், தவளை. முதல் வளைவிலேயே பனி பிடித்துக்கொண்டது. மஞ்சள் விளக்கைப் போட்டார், ஹெட்லைட் அணைந்தது. ரோட்டோரத்துக் கல் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஊசி நடுவில் இருக்கிறது என்று சொன்னேன். ஏன் நடுவில் இருக்கிறது என்றும் சொன்னேன். ரிலே 'டிக்' என்று சொன்னது கேட்டதா என்று கேட்டேன். வைப்பர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் நல்லது, சத்தம் சரியில்லை, உள்ளே பிரஷ்ஷில் அழுக்கு சேர்ந்திருக்கும், சித்தப்பா மாற்றச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சுத்தம் பண்ணினாலே போதும் என்றேன். மாட்டுக்கு எத்தனை பல் என்று கேட்டேன்.

"பொண்ணு, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வர்றியா? ரோட்டைப் பார்க்கணும்," என்றார் டாக்டரம்மா.

மூடிக்கொண்டேன். அடுத்த வளைவு வரைக்கும்.