பாதி முகத்துக்கு மட்டும் மழை

நவம்பர் 4, செவ்வாய்

கடலோரத்தில் இருந்தவரை என் முகம் ஓர் எண்ணெய்க் கிணறு. அப்பாவுக்கு மாற்றல் வந்து இந்தக் குளிர்மலைக்கு ஏறியதும் கிணறு வற்றிவிட்டது, பாலைவனம் மட்டும் மிச்சம். சிரித்தால் கன்னம் சுரீர் என்கிறது. நான் சிரிக்காமல் இருப்பதும் தவளை கத்தாமல் இருப்பதும் ஒன்று.

வகுப்பில் எனக்கு ‘சுண்ணாம்புச் சுவர்’ என்று பெயர் வைத்தாயிற்று. பட்டப்பெயர் வைப்பது என் தொழில். அதுவும் போச்சு.

நவம்பர் 7, வெள்ளி

தோல் உரிகிறது என்று அம்மாவிடம் காட்டினேன். அழுக்குதான் உரிகிறதாம், உரியட்டுமாம்.

எல்லாம் கடலோரத்தில் அம்மா நடத்திய பழைய பார்லரில் கூட்டம் நெரிந்த காலத்துச் சட்டம். கழுவினால் முகம் இழுத்துப் பிடிக்க வேண்டும், அதுதான் சுத்தம். முகத்தில் அப்பிய களிமண் பேக் வெடிக்கும்வரை காய வேண்டும். க்ரீம் தொட்டால் பரு. அந்தப் புழுக்கத்தில் வேர்த்து வழிந்த முகங்களுக்கு அது சரி. பளபளவென்று போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். இங்கே காற்றே ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. கொடியில் போட்ட துண்டு நிழலிலேயே அட்டையாக விறைக்கிறது.

எரியுதும்மா என்றேன். “போன வாரம் கால் உடைஞ்சு போச்சுன்னு நொண்டினவதானே நீ?”

அது நடிப்பு. இது— எப்படி நிரூபிப்பது? கன்னத்தில் சிவப்பாகப் பொரிந்ததைப் பரு என்று முடிவு கட்டி, வாரம் ஒருமுறை போட்ட பேக்கை இனி தினமும் என்று ஆக்கிவிட்டாள்.

நவம்பர் 8, சனி

அம்மா பாவம் என்று எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் பாவம். இங்கே திறந்த புதுக் கடையில் மூன்று நாற்காலி. ஒன்றில் நான், ஒன்றில் மடித்த துண்டுகள், ஒன்றில் யாராவது வருவார்கள் என்கிற நம்பிக்கை. வருகிறவர்களும் புருவம் திருத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஃபேஷியல் செய்துகொண்ட ஒரே ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

இன்று என் வலது கன்னத்தில் மண்ணை அப்பும்போது போன். உள்ளூர் டிவியில் செய்தி வாசிக்கும் அக்கா! அடுத்த ஞாயிறு ஃபேஷியலுக்கு வருகிறாளாம். அம்மாவின் குரலே இளகிவிட்டது. ஊருக்கே தெரிந்த முகம். பளபளத்தால் ஊரே வரும். உரிந்தால்? அதுவும் ஊருக்கே தெரியும். அப்புறம் மூன்று நாற்காலியிலும் துண்டுதான்.

சந்தோஷத்தில் என் இடது கன்னத்தை மறந்தே போனாள்.

நவம்பர் 9, ஞாயிறு

இடது கன்னம் எரியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பேக்கை நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

பாகப்பிரிவினை: வலது கன்னம் அம்மாவுக்கு, சோப்பும் களிமண்ணும். இடது எனக்கு. வெறும் தண்ணீர், ஈரம் காய்வதற்குள் துளியூண்டு பெட்ரோலியம் ஜெல்லி. அப்பா குதிகால் வெடிப்புக்குப் போடுகிற டப்பாதான். இந்த வீட்டில் அப்பாவின் குதிகாலுக்கு இருக்கும் மரியாதை என் கன்னத்துக்கு இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

இடது மெத்தென்று இருக்கிறது. வலதில் கீறல், அதில் ரத்தப் புள்ளி. அம்மாவிடம் இரண்டையும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்ன சாயம் பூசினாய் என்று ஈரத்துண்டால் வலதை அழுத்தித் துடைத்தாள். சாயம் வரவில்லை. நான் அலறிவிட்டேன்.

“நடிக்காதடி. தோலை உரிச்சுடுவேன்.”

“நீ ஏம்மா சிரமப்படுற, அதுவே உரியுது.”

ஜோக் இல்லை அது. ஆனால் என் வாயிலிருந்து வந்தால் எல்லாமே ஜோக்தானே.

ஞாயிறன்று நான் கடைத் திரைக்குப் பின்னாலேயே இருக்க வேண்டுமாம். கடலோரத்தில் இருந்தபோது என்னைக் கடை வாசலில் நிறுத்தி, என் பொண்ணு முகத்தைப் பாருங்க என்பாள். இப்போது அதே முகத்துக்குத் திரை.

நவம்பர் 16, ஞாயிறு

தூங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அக்கா வந்து கழுத்துத் துணியைக் கழற்றினாள். மூக்கோரம் வெள்ளையாகச் செதில். திரையிடுக்கிலேயே தெரிந்தது, அது என் வலது கன்னத்தின் அக்கா. ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் முகம் இன்னும் காய்ந்து போகிறது என்றாள். அழுக்குதான் மேடம், ஒரே பேக்கில் சரியாகிவிடும் என்றாள் அம்மா. கிண்ணத்தில் மண் குழைக்கிற சத்தம் கேட்டது.

திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டேன். யோசிக்கவில்லை. வாயைத் திறந்தால் எனக்கு வருவது இது ஒன்றுதான். செய்தி வாசிக்கிற குரலில்:

“வானிலை அறிக்கை. வலது கன்னத்தில் கடும் வறட்சி நீடிக்கிறது. இடது கன்னத்தில் மட்டும் பரவலாக மழை. வறட்சிக்குக் காரணம், அந்தக் கிண்ணத்தில் இருப்பது.”

அக்கா சிரித்தாள். எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். சிரிப்பு நின்றது.

“நிஜமாவே வலிக்குதா?”

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. தலையாட்டினேன். கண்ணீர் வந்தது, வலது கன்னத்தில் உப்பாக எரிந்தது.

இன்னொரு நாள் வருகிறேன் என்று மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா கிண்ணத்தைக் கழுவினாள். கழுவின கிண்ணத்தையே மறுபடி கழுவினாள். தோலை உரிப்பேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

அம்மா என் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 19, புதன்

கடை திறக்கவில்லை. அப்பா என்ன நடந்தது என்றார். இரண்டு பேரும் ஒன்றுமில்லை என்றோம். நான் காப்பாத்தினேனா, கவுத்துட்டேனா? அந்த அக்கா முன்னாடி அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ. தனியாச் சொன்னப்போ யாரு கேட்டா?

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் அப்பா வீட்டையே புரட்டினார். குதிகால் டப்பாவைக் காணோம். என்னை முறைத்தார். நான் எடுத்தது உண்மை, ஆனால் போன வாரமே இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அம்மா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். தட்டு வைக்கத் திரும்பியபோது வெளிச்சம் முகத்தில் விழுந்தது. வலது கன்னம் சிவந்து சொரசொரவென்று, காதோரம் காய்ந்த களிமண் துளி. இடது மட்டும் லேசாக மினுங்கியது.

வாய்வரை வந்த வானிலை அறிக்கையை ரொட்டியோடு விழுங்கினேன்.

“பூனை தூக்கிட்டுப் போயிருக்கும்ப்பா.”

“நம்ம வீட்டுல ஏதுடி பூனை?”

முணுமுணுத்துக்கொண்டே அவர் செருப்பு மாட்டப் போனார். அம்மா என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“ஈரத்துலயே பூசணுமா, காஞ்சப்புறமா?”

“ஈரத்துலயேம்மா.”