கலைவாணி கேட்டது

தை, வியாழன் இரவு.

பாலிடெக்னிக்கின் வேலைவாய்ப்புப் பிரிவில் நானும் கலைவாணியும் இரண்டே பேர். இன்று சென்னைக் கம்பெனி ஒன்று நேர்காணலுக்கு வந்தது. அறுவடை நேரம், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. கலைவாணி ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, மதியத்துக்கு மேல் வரவழைத்தாள். அதைக் கவனித்த கம்பெனிக்காரர், கிளம்பும்போது அவளுக்கே வேலை தருவதாகச் சொல்லிவிட்டார்.

“சார், போகட்டுமா?” என்றாள்.

கிடைக்கிற வேலையை விடாதீங்க என்று காலையில்தான் பிள்ளைகளிடம் பேசியிருந்தேன். அவளிடம் அது வாயில் வரவில்லை.

“அடுத்த வாரம் ரெண்டு கம்பெனி வருதேம்மா.”

“ஆமா சார்” என்று மறுபடி போனை எடுத்துக்கொண்டாள்.

அவள் கேட்டது அனுமதியா, யோசனையா? இன்னும் புரியவில்லை. யோசனை என்றால், பதில் எனக்குத் தெரியும்.