அண்ணனின் அலமாரியில் பிரிக்காத கவர்கள்

ஊருக்கெல்லாம் எலும்பு டாக்டராகவும் எனக்கு மட்டும் சண்டைக்காரனாகவும் இருந்த என் அண்ணனுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நீ இல்லாத வீட்டில் மைனி தைரியமாகத்தான் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் உன் படத்தைத் திறக்கிறார்கள். "டாக்டர் சேவையப் பத்தி நீங்கதான் பேசணும்" என்று சபைக்காரர்கள் கேட்டார்கள். சரி என்றிருந்தேன். நேற்று மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் மைனியும் நானும் உன் கிளினிக்கைக் காலி செய்து ஒதுங்கவைத்தோம். அலமாரியின் அடித்தட்டில் பழுப்புக் கவர்கள் கிடந்தன. எல்லாவற்றின் மேலும் என் கையெழுத்து. ஒன்றைக்கூட நீ பிரிக்கவில்லை.

அந்தக் குழந்தை ஆராய்ச்சியை ஆரம்பித்தது நீதானே? பிள்ளையைக் குளிப்பாட்டியதும் இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துப் பழைய வேட்டியால் இறுக்கிச் சுற்றுவார்கள், கால் கோணாமல் வளரும் என்று. அப்படிச் சுற்றுவதால்தான் இடுப்பு மூட்டு குழியில் சரியாக உட்காராமல் போகிறதா என்று ஆராய வேண்டும் என்றாய். கிராமச் செவிலியான நான் வீடு வீடாகப் போய், பிள்ளையின் முழங்காலை மடக்கி, தொடையை விரித்துப் பார்த்து எழுதுவேன். மாதக் கடைசியில் கவரில் போட்டு உன் மேஜையில் வைப்பேன்.

"ஏதாவது கோளாறுன்னா நான் போன் பண்ணுதேன். பண்ணலன்னா பிள்ளை நல்லாருக்குன்னு தாய்மாருட்ட சொல்லிரு" என்றாய். நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு உனக்கு டிஸ்க் பைத்தியம் பிடித்தது. தறியில் நின்று நின்று முதுகு போனவர்களுக்கு ஆபரேசன் இல்லாமல் முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்குக்குள் ஊசி போட்டுச் சரிசெய்யும் ஆராய்ச்சி. சென்னை, டெல்லி என்று மாநாட்டுக்குப் பறந்தாய். அதில் எனக்கு வருத்தமே இல்லை. தறிக்காரர்கள் இன்றும் உன்னை வாழ்த்துகிறார்கள். குழந்தை ஆராய்ச்சியை நிறுத்தியதுகூடக் குற்றமில்லை. நிறுத்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது கேட்டேன். "கவரெல்லாம் பாத்தியா அண்ணே? தறிக்காரத் தெரு செல்வி பிள்ளைக்கு இடது காலு விரிய மாட்டேங்குது."

"பாத்துட்டேன்ட்டி. ஒண்ணுமில்ல."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாய். எதற்கு அண்ணே அப்படிச் சொன்னாய்? சோம்பலா? கூச்சமா? இவள் நச்சரிப்பாள் என்றா? மறந்துவிட்டேன் என்றிருந்தால் அன்றைக்கே திட்டித் தீர்த்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

மறுநாளே செல்வியிடம் போய், டாக்டர் பார்த்துவிட்டார், பயமில்லை என்றேன். அந்தக் கால் விரியவில்லை என்று என் கைக்குத் தெரியும். இருபது வருஷமாகப் பிள்ளைகளைத் தூக்குகிற கை. அதை விட்டுவிட்டு உன் பேச்சை நம்பினேன். டாக்டருக்குப் படித்த அண்ணனிடம் நர்ஸ் தங்கச்சி என்னத்தைப் பேச என்று இருந்துவிட்டேன். இந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

கொஞ்ச மாதத்தில் எனக்கு இளையரசனேந்தல் பக்கம் மாற்றலாகிவிட்டது. நடை பழகும்போது பிள்ளை சாய்கிறாள் என்று செல்வி போனில் கேட்டாள். சரியாகிவிடும் என்று சொன்னேன். நீதான் பார்த்துவிட்டாயே.

இப்போது கவர்களைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பு மையில் நான் வட்டம் போட்டிருந்தது இரண்டு பெயர். இரண்டு பேரைப் பற்றியும் விசாரித்தேன். பனவடலிசத்திரத்துப் பையனுக்கு இருந்ததை வேறொரு டாக்டர் கண்டுபிடித்து, கால் விரிந்தே இருக்கும்படி நாலு மாதம் இடுப்பில் வார் கட்டிச் சரிசெய்துவிட்டார். ஆட்டுக்குட்டி பின்னால் ஓடுகிறான். இன்னொன்று செல்வியின் மகள் அனு. மூன்று வயதாகிறது. அவளுக்கும் அன்றைக்கு வார் போதுமாயிருந்திருக்கும். இனி ஆபரேசன் செய்து, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட வேண்டும். திருநெல்வேலியில் புதன்கிழமைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

செல்வி வீட்டுக்குப் போனேன். அனு வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். "டாக்டர் அண்ணாச்சி பாத்தப்ப நல்லாத்தான இருந்துச்சு? அவங்க இருந்திருந்தா என் பிள்ளைய இப்படி விட்டிருப்பாங்களாக்கா?" என்று செல்வி அழுதாள்.

நான் பேசாமல் இருந்திருந்தால் உன் பெயர் பிழைத்திருக்கும். என்னால் முடியவில்லை. கவர்களைப் பற்றி, சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னதைப் பற்றி, என் கைக்குத் தெரிந்ததைப் பற்றி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து அனுவை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

"புதன்கிழமை நான் வரட்டா செல்வி?"

அவள் அனுவின் பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள்.

"வாங்க. ஆனா பிள்ளையத் தொடாதீங்க."

போவேன் அண்ணே. புதன்கிழமை மட்டுமில்லை, மாவுக்கட்டைப் பிரித்து அவள் எழுந்து நடக்கிறவரை ஒவ்வொரு தடவையும் போவேன். நீ வரவேண்டிய இடத்துக்கும் சேர்த்து நான்தான் போக வேண்டும். தொடாமல் உட்கார்ந்திருப்பேன்.

நீ என்ன செய்திருந்தாலும் உன் தங்கச்சியாகவே இருக்கிற,
ஸ்டெல்லா