மழைக்கோட்டில் ஏழு மாத்திரைகள்

ஓர்ஹூஸ், டென்மார்க், 8 செப்டம்பர், வெள்ளி

யெப்பே,

அன்புள்ள என்று தொடங்க இன்று கை வரவில்லை.

நம் மகள் உன்னிடம் இருக்கும் வாரத்துக்காக அஸ்தாவின் பையை அடுக்கும்போது அவள் மழைக்கோட்டில் கவனத்துக்கான மாத்திரைகள் ஏழு கிடைத்தன. மருந்து நோட்டில் போன உன் வாரத்துக்கு உன் கையெழுத்தில் ஏழு நாளும் "கொடுத்தேன்". அதைப் பார்த்துத்தான் செவ்வாய்க்கிழமை மருத்துவர், "மாத்திரை ஒழுங்கா போயும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வகுப்புல கவனிக்க முடியலன்னா அளவு பத்தல" என்று ஏற்றிவிட்டார். அவளைப் போல ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளுக்கு மெல்லத்தான் ஏற்ற வேண்டும் என்று முன்பு சொன்ன அதே மனிதர். மூன்று நாளாக அவள் ரொட்டியைத் தொடவில்லை. "அம்மா, நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுறாங்க" என்கிறாள். இன்று போன் செய்து உன் பொய்யைச் சொன்னேன். பழைய அளவுக்கே இறக்கினார்.

மருந்து பிடிக்காவிட்டால் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். பிள்ளையின் உடம்பிலா சொல்வது?

பெனடிக்டே

15 செப்டம்பர், வெள்ளி

பெனடிக்டே,

பொய் எழுதியது தப்பு. என் மன்னிப்பு அதோடு முடிந்தது.

மாத்திரை போட்ட அஸ்தா தட்டில் பட்டாணியை எண்ணுகிறாள். போடாத அஸ்தா படகுத்துறை வரை பாடிக்கொண்டே ஓடுகிறாள். உனக்கு வேண்டியது சத்தம் போடாத பிள்ளை. உன் அண்ணன் கல்யாணத்தன்று மத்தியானம் இன்னொன்று கொடுத்து உட்கார வைத்தாயே, அதை எந்த நோட்டில் எழுதினாய்? "அப்பா, அன்னிக்கு என்னைச் சுவத்துல மாட்டின படம் மாதிரி வெச்சிருந்தாங்க" என்று அவளே சொன்னாள்.

இந்த வாரமும் கொடுக்கவில்லை. அப்படியே எழுதியிருக்கிறேன். இனியும் கொடுக்க மாட்டேன்.

ஒன்றுதான் புரியவில்லை. அந்த ஏழு மாத்திரைகளையும் நான் சமையலறைக் குப்பையில் போட்டேன். உன்னிடம் எப்படி வந்தன?

யெப்பே

22 செப்டம்பர், வெள்ளி

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் (இரண்டு பிரதிகள்),

உங்கள் கடிதங்களை என் பையில்தான் அனுப்புகிறீர்கள். உறையை ஒட்டுவதில்லை. எல்லாம் படித்தேன்.

குப்பையிலிருந்து எடுத்தது நான். அம்மா பார்க்கட்டும் என்று மழைக்கோட்டில் வைத்தேன். ஏழு நாள் மழை பெய்யவில்லை. மருத்துவர் கேட்டதற்கு அம்மா பதில் சொன்னார், நோட்டு பதில் சொன்னது. என்னை யாரும் கேட்கவில்லை.

மாத்திரை போட்டால் வகுப்பில் ஒரு குரல் கேட்கிறது. போடாவிட்டால் இருபத்துநான்கு குரல்கள், விளக்கின் இரைச்சல். போட்டால் பசி இல்லை, பாட்டும் வருவதில்லை. இரண்டும் உண்மை. ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். உங்கள் இருவர் மேலும் எனக்குக் கோபம். நான் கத்தாததால் கோபம் இல்லை என்று நினைக்காதீர்கள்.

புதன்கிழமை எனக்குப் பதினைந்து முடிந்தது. இனி என் மருந்துக்கு என் சம்மதம் வேண்டும். டென்மார்க்கில் அதுதான் சட்டம். மருத்துவரிடம் நானே பேசினேன். பள்ளி நாட்களில் பழைய அளவு. சனி, ஞாயிறு இல்லை. கல்யாணங்களுக்கும் இல்லை. டப்பா என்னிடம் இருக்கும். நோட்டைப் பழைய காகிதப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

இனி எழுதுவதானால் தபாலில் அனுப்புங்கள். நான் எடுத்துப் போக மாட்டேன்.

அஸ்தா